நாற்பத்தொரு சிவப்புப் பொட்டுகள்

9 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். எழுதினால் பக்கத்து வீட்டுக்காவது கேட்காது. "அந்த வீட்டை விட்டுட்டு எங்ககூட வந்து இரு" என்பதையும் இனி எழுதியே சொல். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்கிறேன்.

நேற்று பள்ளிக்கூட ஹாலில் எங்கள் பகுதித் திட்டக் கூட்டம். இது பதினோராவது. மூன்று வருஷத்தில் உங்கள் மாநகராட்சியிலிருந்து வந்த அதிகாரிகள் மூன்று பேர். வருகிறவர்கள் எல்லாரும், "உங்க பிரச்சினை என்னன்னு சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று என்னை உட்காரவைத்த பாவத்துக்கு நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சலிக்காமல் என்பது பொய். தைக்க வேண்டிய சீருடை நாற்பது அப்படியே கிடக்கிறது.

இப்போது வந்திருக்கும் அதிகாரியம்மா நல்ல மாதிரி. பாவம், தொண்டை கட்டியிருந்தது. மைக்கும் மக்கர் செய்தது. சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டி, ஆளுக்கு ஐந்து பச்சை, ஐந்து சிவப்பு என்று வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். எங்கள் பெண்கள் அதைப் பொட்டு என்றே சொல்லிவிட்டார்கள். அவர் விளக்கியது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. "எதுக்கு எதுன்னு நீங்க சொல்லுங்கக்கா" என்று என்னிடம் வந்தார்கள். இருக்கிறபடியே நன்றாயிருந்தால் பச்சை, முதலில் கவனிக்க வேண்டிய இடமென்றால் சிவப்பு என்றேன். போன மழையில் என் தையல் மெஷின் முழங்கால் தண்ணீரில் நின்றது எல்லாருக்கும் தெரியும். எனக்காகவே எங்கள் சந்தில் கொண்டுபோய் ஒட்டினார்கள். நாற்பத்தொரு சிவப்பு! சந்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. இனியாவது ஒரு வடிகால் வரும்.

அந்தப் படம் உன் மேஜைக்குத்தான் வருமாமே. நீ என் தம்பி என்று நான் மூச்சு விடவில்லை. ஆபீஸில் தெரிய வேண்டாம் என்று நீதானே சொன்னாய்.

கூட்டத்தில் உட்கார்ந்தே இடுப்பு போன,
உன் அக்கா

21 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

படம் வந்துவிட்டது. ஒரு வாரமாகப் பொட்டு எண்ணுகிறேன். வரைபடக்காரன் வேலை என்று சேர்ந்தவனுக்கு இதுவும் ஒரு பிழைப்பு. எண்ணி முடிக்கும்போது ஒன்று உதிர்ந்து விழும், மறுபடி எண்ண வேண்டும். கண்ணாடியை மாற்றச் சொல்லி இவள் தினமும் திட்டுகிறாள். உன்னை விசாரித்தாள்.

உங்கள் சந்தில் நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், சீறாதே. எல்லாரும் தெரிந்துதான் ஒட்டினீர்களா? நீயுமா?

தம்பி

2 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

தெரியாமல் ஒட்ட நாங்கள் என்ன பச்சைக் குழந்தைகளா? நான்தான் சொல்லி ஒட்டவைத்தேன். முதல் சிவப்பே என்னுடையது. இத்தனை வருஷம் பொறுத்தாயிற்று, இன்னொரு மழையைத் தாங்க எங்களுக்குத் தெம்பு இல்லை. உங்கள் ஆட்களைச் சீக்கிரம் செய்யச் சொல். நீயும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திராமல் வரைகிற வழியைப் பார்.

கண்ணாடியை மாற்று. அவள் சொல்வது சரி.

அக்கா

10 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இவளிடமும் காட்டினேன். நீயாக இந்த முடிவுக்கு வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. மனசு லேசாகிவிட்டது. இனி இதைப் பற்றி உன்னிடம் வாயே திறக்கமாட்டேன். திறந்தால் என் மேலுள்ள கோபத்திலேயே நீ மாற்றிவிடுவாய்.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

17 ஏப்ரல்

தம்பி,

வரைவுத் திட்டத்தை வார்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் சந்தைத் தேடினேன், காணோம். அது இருந்த இடத்தில் நீலம் அடித்து, 'மழைநீர் தேங்கும் திடல்' என்று போட்டிருக்கிறது. பதினாலு வீடும் அந்த நீலத்துக்குள். வரைந்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

அதிகாரியம்மாவிடம் ஓடினேன். "சிவப்புன்னா இந்த இடம் வேண்டாம், எடுத்துடலாம்னு அர்த்தம். அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். அவர் சொல்லியிருப்பார். கேட்காமலே கேட்ட மாதிரி எல்லாருக்கும் மாற்றிச் சொன்னவள் நான். அந்தத் தப்பு என் தலையில்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நீ? நான் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நீ. அதற்காகவே என்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாய். "வீட்டை இடிக்கப் போறாங்க, சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்க உன் நாக்கு ஏன் எழவில்லை? வடிகால் வரப்போகிறது என்று இரண்டு மாசமாகச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தச் சுவரை இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் எந்த முகத்தோடு வாசலில் நிற்பது?

ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

அக்கா

24 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான் கேட்டேனே, நீதானே ஆமாம் என்றாய் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். நான்கு நாளாக அப்படித்தான் எழுதி எழுதிக் கிழித்தேன்.

கேட்டது உண்மை. ஆனால் சிவப்பு என்றால் காலி செய்வது என்று சேர்த்து எழுதவில்லை. எழுதினால் நீ இல்லை என்றுதான் சொல்வாய். அது எனக்கு உள்ளுக்குள் தெரியும். நீ ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாய், நேரில் சொல்லக் கூச்சப்பட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறாய் என்று நம்ப ஆசைப்பட்டேன். இங்கே மழை தூறினாலே உன் வாசலில் எத்தனை படி முங்கியிருக்கும் என்றுதான் நினைப்பு ஓடும். அந்த நீலத்தைப் பூசும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. அதுதான் உண்மை. எழுதக் கை கூசுகிறது.

முந்தாநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சங்கச் செயலாளர் என் சொந்த அக்கா, பொட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கிறது, எனக்குச் சந்தேகம் இருந்தும் வாயை மூடிக்கொண்டேன் என்று. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். மெமோ கொடுத்தார்கள். திட்டத்திலிருந்து எடுத்துப் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். அங்கே எனக்குத் துணை ஒரு மேஜை விசிறி.

ஆனால் இனி வேறு வழியில்லாமல் புதுப் படம் மாட்டி, முதலிலிருந்து பொட்டு ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்கள். ஜூன் முதல் வாரம் கூட்டம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ. பச்சையாக ஒட்டிவிட்டு வா. அதற்கப்புறம் என்னோடு பேசுவதா வேண்டாமா என்று யோசி.

தம்பி

8 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால்தான். இப்போது கோபத்துக்குக்கூடத் தெம்பு இல்லை.

கூட்டத்துக்கு முன்பே மற்ற பதிமூன்று வீட்டுப் படியும் ஏறி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. எல்லார் வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள் என்று நினைத்து, கண் கலங்கி வீட்டுக்கு வந்தேன்.

கூட்டத்தில் நானே சொந்தச் செலவில் மைக் வைத்தேன். அதிகாரியம்மா மூன்று தடவை விளக்கினார். பச்சை என்றால் இருக்கட்டும், சிவப்பு என்றால் வேண்டாம். நானும் எழுந்து நின்று அதையே சொன்னேன். எங்கள் சந்து விஷயம் என்பதால் வீட்டுக்கு ஒரு பொட்டு, மற்றவர்கள் ஒட்டக் கூடாது என்று முடிவானது. நான் முதல் ஆளாகப் போய்ப் பச்சை ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். திரும்பி வரும்போது யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

பதினோரு சிவப்பு, தம்பி. என்னுடையதோடு சேர்த்து மூன்றே மூன்று பச்சை.

மறுபடியும் புரியாமல் ஒட்டிவிட்டார்கள் என்று மைக்கைத் திரும்பக் கையில் எடுத்தேன். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர்தான் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம்க்கா. அன்னைக்கு நீங்க சொல்லி ஒட்டினோம். இன்னைக்கு நாங்களா ஒட்டினோம்" என்றார்.

"போகணும்னு நினைப்பு இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? உங்க பொழப்பைக் கெடுத்துக்கிட்டு எங்களுக்காக மூணு வருஷமா நடக்கறீங்க. மேட்டுல எங்கயாச்சும் வீடு குடுத்தாப் போதும்னு எங்க மனசுல இருக்கு. உங்க முகத்தைப் பார்த்தா வாய் வரல."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பதினோரு கூட்டத்தில் "எங்க சந்து மக்கள் போகமாட்டாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நீ என்னிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்கவில்லை என்று உன்னை அந்தக் கிழி கிழித்தேன். நான் இவர்களிடம் எத்தனை வார்த்தை கேட்டேன்?

நீ வரைந்தது கடைசியில் சரியாகவே போய்விட்டது. அதை நினைத்தால் உன் மேல் இன்னும் எரிச்சலாக வருகிறது. உன் மெமோவுக்கும் ஒரு பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. அந்த அறையில் தூசி அதிகமாக இருக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்.

செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். விடமாட்டோம் என்கிறார்கள். பதினாலு வீட்டுக்கும் ஒரே வரிசையில் மாற்று வீடு வேண்டும், ஆளுக்கு ஒரு மூலையில் பிரித்துப் போட்டுவிடக் கூடாது, அதைக் கேட்டு வாங்க நான்தான் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். இனி ஆபீஸ் ஆபீஸாகப் போய் என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. மனு எழுத வேண்டும், உங்கள் ஆபீஸ் பாஷை எனக்கு வராது. நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். காலி செய்யச் சம்மதம் என்று வீட்டு எண்களை வரிசையாகப் போட வேண்டுமாம். பச்சை ஒட்டிய மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சரி என்றுவிட்டார்கள். பதிமூன்று எண்ணை நான் எழுதிவிடுவேன். என் வீட்டு எண்ணை மட்டும் நீ எழுது. எனக்குக் கை வராது.

உன் அக்கா