கியூரியின் ஒழுகிய கொட்டில்

12 தை (ஜனவரி) 1997, ஸ்கந்தபுரம்
பொங்கலுக்கு இரண்டு நாள். முற்றம் மெழுகினேன். கிளிநொச்சியிலிருந்து ஓடிவந்தபோது மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றுக் கையெழுத்துப் பிரதி வீட்டிலேயே விடுபட்டுவிட்டது. சிறுவர்களுக்கு நான் எழுதிய நாலாவது புத்தகம். இரண்டு வருட வேலை. "நீர் திரும்ப எழுதும்" என்கிறார் இவர். எதை வைத்து? கையில் ஒரு நூல்கூட இல்லையே!

21 தை
மழை. மரத்தடி வகுப்பைத் தறப்பாள் கூடாரத்துக்குள் மாற்றினோம். பிள்ளைகளை அடக்குவதற்காகக் கியூரியின் கதையைச் சொன்னேன். அவர் ஆராய்ச்சி செய்த கொட்டிலும் ஒழுகியது என்றதும் ஐந்தாம் ஆண்டு நிரோஜா எழும்பினாள்.
"டீச்சர், ஒழுக ஒழுகவோ வேலை செய்தவா?"
"ஓம் பிள்ளை."
பிள்ளைகள் தறப்பாள் ஒழுகாத பக்கமாக நெருங்கி இருந்து கதையைக் கேட்டார்கள்.
தொலைந்த பிரதியில் அந்தக் கொட்டிலுக்கு ஒரே வரி. பரிசுகளுக்கோ ஒரு முழு அத்தியாயம்! நான் யாருக்கு எழுதினேன்? பிள்ளைகளுக்கா, தாய் தகப்பன்மாருக்கா?

22 தை
தொடங்கிவிட்டேன் – கொட்டிலிலிருந்து.

9 பங்குனி
எழுதி முடிந்தது. ஆண்டுகள் மட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. நிச்சயமில்லாததைப் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். ஒட்டுசுட்டானில் ஓர் ஆசிரியரிடம் பழைய கலைக்களஞ்சியம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, இவர் நேற்று விடியவே சைக்கிளில் போனார். இன்று பின்னேரம் வந்து, "எல்லா ஆண்டும் எழுதிக்கொண்டு வந்திட்டன். கால்தான் என்ர இல்லை" என்று பாயில் விழுந்தார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

17 ஆவணி
அச்சகம் நடத்தும் ஞானேஸ்வரி கையை விரித்தா. "தடையால வெள்ளைத்தாள் உள்ளுக்கு வாறேல்லை அக்கா. கோடு போட்ட கொப்பித்தாள்தான் கிடக்கு. பரவாயில்லையோ?"
"அடியுங்கோ."

4 கார்த்திகை
புத்தகம் வந்தது! முதலில் வாசித்தவள் நிரோஜா.
"ஒழுகின இடத்துக்குச் சட்டி வைச்சவாவோ எண்டு எழுதேல்லையே, டீச்சர்?"
"எனக்குத் தெரியாது பிள்ளை. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."
முகத்தைச் சுளித்தாள். நியாயமான கேள்விதான்.

19 மாசி 2001
ஏழாவது புத்தகத்தைக் கொடுக்கத் தர்மபுரம் பாடசாலைக்குப் போயிருந்தேன். விறாந்தையில் மூன்று சின்னப் பெண்கள். மட்டை கழன்ற கியூரி புத்தகத்தை ஒருத்தி உரத்து வாசிக்க, மற்ற இருவரும் அவள் தோளில் சாய்ந்திருந்தார்கள். எழுதியவள் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன்.
"அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சம் மறைக்குது."
தள்ளி நின்று மிச்சத்தையும் கேட்டேன்.