மிளகாய் படாத சட்டி

அப்பா,

நேற்று உங்கள் பெரிய சட்டியின் மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். இறைச்சியும் வெள்ளை மிளகும் கலந்த வாசம் ஓரமாகக் கசிந்தது. கொட்டாஞ்சேனையில் நம் வீட்டைத் தவிர வேறெங்கும் நான் அறியாத வாசம்.

கப்பல் சமையலறையில் வேலை செய்த காலத்தில் ஓர் அயர்லாந்துக்காரரிடம் நீங்கள் கற்று வந்த ஸ்டியூ. ஆட்டின் கழுத்து இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், உப்பு, வெள்ளை மிளகு. கிழங்கில் பாதியை மெல்லிதாகச் சீவி அடியில் பரப்புவீர்கள். அது கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். மீதியைப் பெரிய துண்டுகளாக மேலே அடுக்குவீர்கள். அதன்பின் கிண்டவே கூடாது. "இது கறி இல்ல மகள். கிழங்கு கிழங்காவே ருசிக்கணும்" என்பீர்கள். வருகிறவர்கள் மூடியைத் திறந்து அகப்பையை விடாமல் இருக்கத்தான் குழவி.

நான் பட்டம் பெற்ற அன்று, நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்காக, இதைத்தான் சமைத்தீர்கள். விருந்தாளிகளை வரவேற்க நீங்கள் வாசலுக்குப் போன நேரம், உங்கள் அக்கா, என் மாமி, குழவியை இறக்கிவிட்டு, மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிக் கிண்டினார்.

"பட்டம் எடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடா?"

நீங்கள் வந்து மூடியைத் திறந்தீர்கள். சட்டி சிவந்திருந்தது. "அக்கா, கப்பலைக் கொட்டாஞ்சேனையிலேயே கட்டிப் போட்டுட்டீங்க" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தட்டில் பாதி அப்படியே மிஞ்சியதை நான் பார்த்தேன். அதன்பின் அந்தச் சட்டி அடுப்பேறவே இல்லை.

நேற்று உங்கள் ஆண்டு நினைவுப் பூசை. சாப்பாட்டுக்குப் புரியாணி ஓடர் பண்ணலாம் என்று மாமி முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார். வெள்ளவத்தை ஆபீசில் கூட்டம் நடந்தால் கடைசிக் கதிரையைத் தேடும் நான்தான் சொன்னேன்:

"வேணாம் மாமி. அப்பாட ஸ்டியூ. நான் சமைக்கிறன்."

"அடியே, இவள் கதைக்கிறாள்!" என்று மாமி அம்மாவைப் பார்த்தார்.

"விடுங்க மச்சாள், சமைக்கட்டும்" என்றார் அம்மா.

காலைப் பூசை முடிந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தேன். கைப்பையோடு மாமி குசினிக்குள் வந்தார். பைக்குள் மிளகாய் இடித்த கட்டச் சம்பல் போத்தல் எட்டிப் பார்த்தது.

"ஒருக்காத் திறந்து பார்ப்பம் பிள்ளை."

"இல்ல மாமி."

"உப்புப் பார்க்க வேணாமா?"

"வேணாம்."

"அப்பன்ட அதே பிடிவாதம்!"

"ஓம் மாமி."

கதிரையை இழுத்துப் போட்டு அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மேசையில் மூடியைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. மேலே கிழங்கு உடையாமல் இருந்தது. அடியில் குழம்பு பால்போல் தடித்திருந்தது. மாமி பாண் துண்டொன்றைப் பிய்த்துத் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டு என் பக்கம் நீண்டது.

"அடியில இருக்கிறதையும் வழிச்சுப் போடு."

சட்டி காலி, அப்பா! மாமி எடுத்து வைத்த சம்பல் போத்தலை யாரும் திறக்கவில்லை. மாமி அதை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

சட்டியையும் குழவியையும் நானே வைத்துக்கொள்கிறேன். அத்தனை பேர் நடுவே "வேணாம்" என்று சொல்ல வந்த குரலையும்.

இன்று காலை மாமி போன் எடுத்தார். எந்தக் கிழங்கை முதலில் போடுவது என்று கேட்டார். எல்லாம் சொல்லிவிட்டு, "மூடிமேல பாரமா ஏதாவது வைங்க" என்றேன்.

"ஏன்? இங்க யார் திறக்கப் போறது?"

"நீங்கதான் மாமி."