ஜிம்மில் எந்த மூலை

ஜனவரி 14, செவ்வாய்

நீ யாராக இருந்தாலும் சரி, இதைக் கையில் எடுத்துவிட்டாய் என்றால் கெஞ்சிக் கேட்கிறேன்: யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம்கூட. அப்பாவிடம் – ஐயோ, அப்பாவிடம் கண்டிப்பாகக் காட்டாதே. எடுத்த இடத்திலேயே, அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடு.

விஷயம் இதுதான். எனக்கு மேயர் ரெனாட்டா வாஸைப் பிடித்துவிட்டது.

எழுதிவிட்டேன். சிரிப்பு வருகிறது.

இன்று மாலை எங்கள் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நிற்க விரும்பும் வேட்பாளர்களின் விவாதம். பள்ளி நூலகத்தில் திரை போட்டு, இந்த வருடம் முதல்முறையாக வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகும் எங்களையெல்லாம் உள்ளூர் டிவிக்காரர்கள் உட்கார வைத்தார்கள். எனக்குப் பதினேழுதான். ஆனால் நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிவிடும் என்பதால் நானும் சேர்த்தி. ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள், நடுவில் ஒரு குமிழ். பேச்சு பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம்.

நான் நெஞ்சில் ‘ப்ரெஸ்காட்’ என்று எழுதிய டி-ஷர்ட்டில் போயிருந்தேன். அப்பா கொடுத்தது. எங்கள் வட்டாரத்தில் செனட்டர் ப்ரெஸ்காட்டுக்கு ஆள் சேர்க்கும் கேப்டன் அப்பாதான். வெள்ளத்தில் எங்கள் வயல் மூழ்கியபோது சேற்றில் இறங்கி வந்து நின்ற ஒரே அரசியல்வாதி அவர். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டார். அந்த நன்றியை அப்பா இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். அது தப்பென்று நான் சொல்லவில்லை.

ஆனால் செனட்டர் வாய் திறந்தாலே ‘வருங்காலத் தலைமுறை, வருங்காலத் தலைமுறை’. நாங்கள் எங்கே வருங்காலத்தில் இருக்கிறோம்? இதோ, பிளாஸ்டிக் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்! என் கை தானாக இடப்பக்கம் போனது.

சின்ன ஊர்களை விட்டு இளைஞர்கள் போய்விடுவதைப் பற்றிக் கேட்டார்கள். வாஸ் சொன்னார்: “போறவங்களைத் திட்டாதீங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு பஸ்ஸாவது விட்டிருக்கோமான்னு பாருங்க.” நான் திருப்பிய திருப்பில் குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது. உருண்டு கேமராக்காரர் காலடியில் போய் விழுந்தது!

பக்கத்தில் ஒடாலிஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் தோழி. காதோரம் வந்து சொன்னாள்: “ஏண்டி, சட்டை ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது?”

மைக்கோடு ஒரு அம்மா என்னை நோக்கி வந்தார். கழிப்பறைக்கு ஓடிவிட்டேன்.

ஜனவரி 15

காலைச் சாப்பாட்டில் அப்பா கேட்டார். “எப்படி நேத்து நம்மாளு?”

“நல்லா... உயரமா இருந்தார்ப்பா.”

அம்மாவுக்குக் காபி புரையேறிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதோ?

ஜனவரி 19, ஞாயிறு

ஒடாலிஸ் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து வாஸ் பக்கம் ஆள் சேர்க்க ஊருக்கெல்லாம் போன் செய்தோம். அப்பாவிடம் கணக்குப் பாடம் என்று சொல்லியிருந்தேன். என் பேரை மேபெல் என்று சொல்லிக்கொண்டேன். மாரென் என்றால் ஊரில் நான் ஒருத்திதான்.

ஒரு விவசாயி, “நான் இப்போ தொழுவத்துல இருக்கேன் தாயி, மாடு கன்னு போடுது. போனை அதுங்கிட்டக் குடுக்கவா?” என்றார். குடுங்க என்றேன். வாஸின் பஸ் திட்டம் முழுவதையும் மாட்டிடம் சொன்னேன். கடைசியில் அவர் போனை வாங்கி, “கன்னுக்குட்டி வந்துடுச்சு. உங்க மேயரம்மா ராசியானவங்க போல. வரேன்” என்றார்.

வரேன் என்றார்! என் முதல் ஆள்! சோபா மேல் ஏறிக் குதித்தோம். ஸ்பிரிங் போய்விட்டது.

ஜனவரி 24

அப்பா தூக்கத்தில்கூட ஆள் எண்ணுகிறார்.

ஜனவரி 30

பயமாக இருக்கிறது. வேறு மாநிலமாக இருந்தால் சீட்டில் குறி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம். இது அயோவா. எங்கள் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமான காக்கஸில் சீட்டே கிடையாது. திங்கட்கிழமை மாலை எல்லாரும் பள்ளி ஜிம்முக்குப் போய், அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் நிற்க வேண்டும். ஊரே பார்க்க. அப்பா பார்க்க.

“காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோ” என்றாள் ஒடாலிஸ்.

“அப்போ நம்ம பக்கம் ஒரு ஆள் குறையுமேடி.”

“அடிப்பாவி, முத்திடுச்சு உனக்கு.”

இன்று அப்பா எனக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தார். ‘ப்ரெஸ்காட் இளைஞர் அணி’ என்று போட்டிருக்கிறது. அணியில் நான் மட்டும்தான். போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினேன். அவர் முகம் – வேண்டாம், அதை எழுத முடியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பன்றிக் கொட்டகைக்குப் போனேன். நாளை பேச வேண்டிய பேச்சை அப்பா பன்றிகளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா வா, நீயும் கேளு. இதுங்க எதுக்கெடுத்தாலும் உறுமுது, நல்லாருக்கா இல்லையான்னே தெரியல.”

வெள்ளத்தைப் பற்றிய இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் கை தட்டினேன். வேறென்ன செய்ய? எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது?

பிப்ரவரி 3

நடந்துவிட்டது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஜிம்மில் ஈரக் கோட்டு வாசனை. ஒரு மேசையில் அம்மா சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் பரிமாறினாள். வாசலில் பேர் பதிந்துவிட்டு அப்பா ஸ்கோர்போர்டுக்குக் கீழே தன் மூலைக்குப் போனார். நான் தொப்பியோடு பின்னாலேயே போனேன். எதிர் மூலையில் ஒடாலிஸ் இரண்டு கைகளையும் வீசி ஆட்டினாள்.

“அப்பா, ஒரு நிமிஷம்” என்றேன். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். நடந்தேன். பனியில் நனைந்த ஷூ. பாலிஷ் போட்ட தரை. ஒவ்வோர் அடிக்கும் எலியை மிதித்தாற்போல் ‘கீச்’. ஜிம்மே திரும்பிப் பார்த்தது. பாதி வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாஸ் மூலையில் எல்லாரும் ஓவென்று கத்தி என்னை இழுத்து அணைத்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் கொடுமை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

எண்ணினார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்துவிட வேண்டும். ப்ரெஸ்காட்டுக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது.

ஒரே ஒரு ஆள்.

அப்பா மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் ஒன்று குறைந்தது.

கலைவதற்கு முன் மற்ற மூலைகளில் போய் ஆள் கேட்கலாம். கேட்டார். எங்கள் மூலைக்கும் வந்தார். ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி, வெள்ளத்தைச் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்டார். கன்றுக்குட்டிக்காரர் மன்னிப்புக் கேட்டு மறுத்தார். ஒடாலிஸிடம்கூட, “நீயாவது வாயேன்மா, சினமன் ரோல் ரெண்டு தரச் சொல்றேன்” என்றார். அவள், “மூணுன்னா யோசிக்கலாம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என் முறை. என் கையையும் குலுக்கினார். வெள்ளத்தைச் சொல்லவில்லை. வா என்று கேட்கவில்லை. அடுத்தவரிடம் போய்விட்டார்.

கேட்டிருந்தால் போயிருப்பேனோ? தெரியாது. கேட்கவில்லை.

ப்ரெஸ்காட் மூலை கலைந்தது. மற்றவர்கள் வேறு மூலைகளுக்குப் போனார்கள். அப்பா எங்கும் போகவில்லை. பேனரை நான்காக மடித்துக்கொண்டு வண்டியைச் சூடாக்கக் கிளம்பிவிட்டார். நாங்கள்தான் முதல் இடம்! ஒடாலிஸ் என்னைத் தட்டாமாலை சுற்றினாள். சிரித்துக்கொண்டே அழுதேன், இல்லை அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா பேசியது ஒன்றுதான். “ஹீட்டர் போதுமா?”

போதும் என்றேன்.

இப்போது கீழே டிவி ஓடுகிறது. இந்த நேரத்தில் அப்பா டிவி பார்ப்பதே இல்லை. ஒரு பெண் குரல். வாஸ் குரல் மாதிரி இருக்கிறதே... அன்றைய விவாதமா? நிறுத்திவிட்டார். மாடிப்படி கிறீச்சிடுகிறது. ஐயோ, விளக்கை

தட்டுகிறார்.

“மாரென், முழிச்சுதான் இருக்கே, வெளிச்சம் தெரியுது. ஊர்ல பாதிப் பேருக்குப் போன் பண்ணினியாமே. மாட்டுக்கிட்டகூடப் பேசினியாம். எங்கிட்ட மட்டும் ஏன்டி கேக்கல? கதவைத் திற. ரெண்டு நிமிஷம் தரேன், சொல்லு பாப்போம்.”

இரண்டு நிமிடமா! விவாதத்தில்கூட ஒன்றுதான் கொடுத்தார்கள். எங்கே ஆரம்பிப்