லாபம், ரெண்டு, மூணு, நாலு

என் ஆசை மாப்ளே சிவாவுக்கு,

நம் ரெக்கார்டு வந்துவிட்டது. நாலே பாட்டுதான், ஆனாலும் பெரிய கம்பெனி முத்திரையோடு வந்திருக்கிறது. அட்டையில் நாம் மூன்று பேரும் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து நிற்கிறோம். என் தொப்பையைக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கரைத்திருக்கிறார்கள். பாட்டுக்காரன் ஜெரால்டு தலையில் அடித்திருக்கிற மையை மட்டும் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிரம்ஸ் குச்சியோடு நிற்கிற நீ ஒருத்தன்தான் அப்படியே இருக்கிறாய்.

"இந்த வயசுல என்னவே தகர டப்பாவப் போட்டு அடிக்கியோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்த பக்கத்துக் கடை அண்ணாச்சி, இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டி, "நம்ம பயலுவ" என்கிறார். உன் படத்துக்கு விரல் வந்ததும் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

முதல் பிரதியை உன் அக்காவிடம்தான் கொடுத்தேன். நம் பாட்டு ஓடினால் மிக்சியைப் போட்டுவிடுகிறவள் அல்லவா செல்வி? அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஸ்பீக்கர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எடுத்த எடுப்பில் என் கிதார் வந்தது. நிறுத்தினாள். திரும்பப் போட்டாள்.

"ஏங்க, தம்பி எண்ணுற சத்தம் எங்க?"

அடுத்த பாட்டில் இருக்கும் என்றேன். பச்சைப் பொய். நாலு பாட்டையும் கேட்டாள், மாப்ளே. ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் முந்தானையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

உனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் என் தப்பை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். உங்கள் அரிசிக் கடையில் மூட்டை எண்ணும்போது யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. ராசிக்காக லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். உன் டிரம்ஸுக்கும் அதே கணக்குதான். குச்சியைத் தட்டி "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று நீ கத்தினால்தான் எனக்குக் கை ஓடும், ஜெரால்டுக்கு வாய் வரும்.

சென்னையில் கடைசியாகச் சத்தமெல்லாம் சரிபார்த்த அன்று, அந்த ஒலிப்பதிவு அம்மா கேட்டார்கள்: "பாட்டுக்கு முன்னாடி யாரோ ஏதோ எண்ணுறாங்களே, வெச்சுக்கலாமா?" எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. பட்டணத்துக்காரர்கள் முன்னால் அரிசிக் கடை வாடை அடிக்கிறதே என்று வெட்கம். உங்கள் கடை அரிசியைத் தின்றே இந்தத் தொப்பையை வளர்த்தவன் நான்! "அது சும்மா கடைப் பழக்கம் மேடம், வெட்டிருங்க" என்றேன்.

நீ பக்கத்தில்தான் இருந்தாய். "அத்தான் சொன்னாச் சரி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா? அதைக் கேட்கிறதுக்குள் நெஞ்சுவலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். வெட்டிய துண்டெல்லாம் அப்போதே அழித்தாகிவிட்டதாம். என் போனில் உன் குரல் நிறைய இருக்கிறது. எல்லாம் பொன்னி மூட்டை வந்ததா, வரலையா என்பதுதான். செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் சோறு போட்டாள். திட்டியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை கல்யாண மண்டபத்தில் வெளியீடு. உன் இடத்தில் நாசரேத்துப் பள்ளிக்கூடத்து மியூசிக் வாத்தியார். தங்கமான மனுஷன், சுத்தமாக வாசிக்கிறார். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றார். அவர் மட்டும்தான் வாசிக்கத் தொடங்கினார். நானும் ஜெரால்டும் மரம் மாதிரி நின்றோம். மறுபடியும் எண்ணினார். மறுபடியும் அதே கதை. சனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெரால்டு மைக்கை மூடிக்கொண்டு, "ஏலே, அவன் சத்தம் இல்லாம எனக்கு வாய் வரமாட்டேங்கு" என்றான். மை போட்ட மீசை நனைந்து கறுப்பாக வழிந்தது. துடைத்துவிட நான் கை நீட்டினேன். எனக்கே கண் தெரியவில்லை.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"லாபம்!"

செல்வி. எழுந்து நின்றிருந்தாள். வாத்தியார் விழித்தார். அவள் விடவில்லை. "ரெண்டு! மூணு! நாலு!" லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரி, உங்கள் குடும்பத்துத் தொண்டையில். என் விரல் தானாக விழுந்தது, மாப்ளே. வழக்கம்போலத் தப்பான இடத்தில்தான். நீ இருந்திருந்தால் பின்னாலிருந்து குச்சியால் என் முதுகில் குத்தியிருப்பாய்.

பாட்டு முடிந்ததும் அவள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசி வரை எடுக்கவில்லை.

அடுத்து எப்போது பதிவு செய்தாலும் உன் அக்காதான் எண்ணுவாள். மேடையிலும் அவள்தான். எந்தப் பட்டணத்துக்காரர் வேணுமா என்று கேட்டாலும், வேணும் என்று நான் சொல்வேன். அன்றைக்கு உன் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது.

உன் குச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்,
உன் அத்தான்
கணேசன்