உள்ளே மாட்டிக்கொண்ட சாவி

என் அருமை வாலுக்கு,

சித்தப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் சித்தியும் சௌக்கியம்தான், என் முழங்கால் மட்டும் அவ்வப்போது தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. மலையேறிவிட்டு நீ கை கால் முழுசாகத் திரும்பியிருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன்.

மெயில் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளை எடுத்தான் என்று கேட்பாய். முழங்கால் வலியால் மூன்று நாள் மூடிக்கிடந்த கடையைப் போன செவ்வாய்க்கிழமை திறந்து, சாவி வெட்டும் மெஷினைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும் ஒரு பிரவுசரை ஏற்றிக் கொடுத்து, இதை மாத்தாதீங்க சித்தப்பா என்றாயே, அதை ஒன்பது வருஷமாக அரசாணை மாதிரி காத்துவருகிறேன். மெயிலும் நீ வேலை பார்க்கும் கம்பெனியுடையது, வேறெதையும் தொட்டதில்லை. பட்டியலில் மேலே உன் கடிதம். 'சித்தப்பா, என்மேல கோவிச்சுக்காதீங்க' என்பது வரை தெரிந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து அமுக்கினால், உங்கள் பிரவுசருக்கு இனி இங்கே இடமில்லை என்று ஒரு பலகை. நாலாயிரம் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்த மகா சக்கரவர்த்தி, மகளாக நினைக்கும் உன் கடிதத்துக்கு வெளியே நின்றேன்.

போன் செய்யலாமென்றால் பத்து நாள் சிக்னல் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உன் சித்தி தன் கற்பனையில் மத்தியானத்துக்குள் உன்னை வேலையை விடவைத்தாள், சாயங்காலத்துக்குள் எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டாள். இரவு சாப்பிடவில்லை. நானும்தான், ஆனால் நான் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாவிடம் போய் விசாரித்தேன். பிரவுசர் வாசல்ல போய் முதல்ல தன் பேரைச் சொல்லும் அண்ணே, பேர் லிஸ்ட்ல இல்லேன்னா உள்ள விடமாட்டாங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவியைப் பார்க்காமல் ஆளின் பேரை மட்டும் பார்க்கிற பூட்டை நான் பார்த்ததே இல்லை. என் மெஷின்லயே திறந்துக்கோங்க என்றார் பாவம். ஊரார் கம்ப்யூட்டரில் குடும்ப ரகசியத்தைத் திறப்பதா என்று வந்துவிட்டேன். துரைக்குக் கௌரவம் குறைஞ்சிடும், பொண்ணுக்கு என்னானாலும் பரவாயில்லை என்று உன் சித்தி பாத்திரங்களிடம் சொன்னாள்.

அப்புறம் இரண்டு நாள் கடையில் ஒரு சாவிகூட வெட்டவில்லை. பிரவுசரின் மூலை முடுக்கெல்லாம் துருவினேன். வியாழக்கிழமை, எந்தப் பேரில் அறிமுகம் செய்யட்டும் என்று கேட்கும் ஓர் இடம் அகப்பட்டது. ஊரெல்லாம் வைத்திருக்கும் பிரவுசரின் பேரைக் கொடுத்தேன். கதவு 'கிறீச்' என்றுகூடச் சொல்லாமல் திறந்தது. ஒரு கடிதம் குறையவில்லை, ஒரு எழுத்து இடம் மாறவில்லை. நேற்று வரை ஓடியது, இன்றும் ஓடுகிறது, பிறகு எதற்கடி பூட்டு? கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும், விவரமாக எழுது.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். இனி நிறுத்தப்போகிற பிரவுசர் பட்டியலில் நீதான் கையெழுத்துப் போட்டாயாம். இந்த பிரவுசரில் வருகிறவர்கள் மொத்தமே பதினோரு பேராம். 'அதுல ஒருத்தர் நீங்கன்னு தெரிஞ்சேதான் போட்டேன், செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற மாத்திக்கோங்க சித்தப்பா' என்று எழுதியிருக்கிறாய். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அசடு வழிய வரும் கஸ்டமர்களைப் பார்த்து, சின்ன வயதில் என் கடையில் உட்கார்ந்து எப்படிச் சிரிப்பாய். இப்போது எச்சரிக்கையை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாய். உன் சித்தி சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஆடியது, பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்ச் சோறு போட்டாள்.

கோபமில்லை கண்ணு. ஆள் பார்த்துக் கையெழுத்தை மாற்றியிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். இதையே மெயிலில் எழுதலாம்தான், பாதியில் இன்னொரு பலகை மாட்டினால் யார் அல்லாடுவது? நீ ஊருக்கு வரும்போது வேறு பிரவுசர் ஏற்றிக் கொடு, பூசணிக்காய் எழுத்து மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் உன் வேலையும் நூறு வருஷம் தழைக்க எங்கள் ஆசி.

ஒன்றே ஒன்று. எனக்காவது எழுத ஒரு மகள் இருந்தாள். மற்றப் பத்துப் பேருக்கு வெளிக் கதவிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடு.

இப்படிக்கு,
பதினோரு பேரில் ஒருவனான
உன் சித்தப்பா