திரை ஓரத்தில் மறைந்த பூஜ்யம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய எமுலேட்டரை, அதுதான் கைக்கணினியைத் திரையிலேயே போலியாக ஓட்டிக் காட்டும் அந்த மென்பொருளை, ஞாயிற்றுக்கிழமை நானே கணினியில் ஏற்றிவிட்டேன், யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் எங்கள் நர்சுகளுக்குத் தரப்போகிற கைக்கணினி, பொத்தான்களோடு அப்படியே திரை நடுவில் வந்து நின்றது. அப்பா எட்டிப் பார்த்து, "வெறும் படந்தானே, இதுல என்ன வேலை நடக்கும்?" என்றார். மவுசால் அழுத்தி அதிலேயே பிரவுசரைத் திறந்து, நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நோயாளிகளுக்காக நீ செய்த மருந்துக் குறிப்புப் பக்கத்தைக் காட்டினேன். அடியில் பொடி எழுத்தில் உன் பெயர். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோதனைக்காக நீ போட்டிருந்த நோயாளிப் பட்டியலில் தன் பெயரைக் கண்டதும் கேட்டார், "எனக்கு எதுக்கு ரெண்டு வயசு கூட்டிப் போட்டிருக்கா?" என்று.

இனி சொல்வதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நான் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளை அப்பா பெயரில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். மருந்தின் பெயர் நீளமாக இருந்தால், பக்கத்தில் அளவு காட்டும் கட்டம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கடைசி எண் மறைந்துவிடுகிறது. நூறு என்று போட்டேன், பத்து என்று காட்டியது. என் கண்ணாடிமேல் சந்தேகப்பட்டு அப்பாவைப் படிக்கச் சொன்னேன், அவரும் பத்து என்றார். அதே பக்கத்தைக் கணினியின் பெரிய திரையில் திறந்தால் நூறு முழுசாக இருக்கிறது. கையில் வரப்போகும் அந்தச் சின்னத் திரையில்தான் பூஜ்யம் காணாமல் போகிறது. அவசரத்தில் இருக்கும் நர்ஸ் கண்ணில் பட்டதைத்தான் கொடுப்பாள், இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

நீ இத்தனை மாதம் பாடுபட்டுச் செய்ததில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். புதன்கிழமை கூட்டத்தில் எங்கள் மேற்பார்வையாளர், "உங்க பொண்ணு செஞ்சதாச்சே, எப்படி இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பன்னிரண்டு பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். பிரமாதம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம், நாக்கு புரளவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துல அளவு தப்பாத் தெரியுது. அதைச் சரி பண்ணாம யாரும் கையில எடுக்கக் கூடாது. என் பொண்ணு பண்ணிடுவா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்தது தப்புதான். மிஷினே வேண்டாம் என்று மூன்று மாதமாக மல்லுக்கு நின்ற எங்கள் மூத்த நர்ஸ்தான் முதலில் எழுந்தாள். "பெத்த பொண்ணு செஞ்சதுலயே தப்பைச் சொல்றவ இருக்கறப்போ எனக்கென்ன பயம்? எனக்கும் அதைப் போட்டுக் குடு, நானும் நோண்டிப் பாக்கறேன்" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, இப்போது ஏழு வீட்டில் ஏழு நர்சுகள் கணினி முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட அந்தக் கதையைத்தான் சொல்கிறார்.

எந்தெந்த மருந்துக்கு இப்படி ஆகிறது என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தப்பு நடக்காத வேலை எங்கேயும் இல்லை, ஆனால் என் மகள் சரிசெய்துவிடுவாள் என்று அத்தனை பேர் நடுவில் யோசிக்காமல் என் வாயில் வந்ததே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இரு கண்ணு. கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே, திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். சரிசெய்ததும் ஒரு வரி எழுது, கூட்டத்தில் நான் படித்துக் காட்ட வேண்டும்.

உன்னை நம்பி வாக்குக் கொடுத்துவிட்ட,
அம்மா