உன் பெயரில் நுழைந்தவர்

நெய்யாஃபு, வவாவு
ஞாயிறு, ஆராதனை முடிந்தபின்

மதிப்புக்குரிய லவீனியா அக்காவுக்கு,

தம்பி மனாசே எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னை நம்பியவர்களைத் தவிர. இதை நீ வேலை செய்யும் மருத்துவமனை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அல்ல. அங்கேயே பிரித்துப் படி.

டோங்காவுக்குத் திமிங்கிலங்கள் வந்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள்தான் காணாமல் போனார்கள். செவ்வாய் காலை பார்த்தால், நம் படகின் ஆகஸ்ட் முன்பதிவுகள் ஒன்றுகூட இல்லை.

போன வருஷம் கிளவுடுக்கு மாறியபோது விற்பனைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? வெறும் கணினியை வாடகைக்கு எடுத்தால் மென்பொருள், பாதுகாப்பு, காப்பு நகல் எல்லாம் நம் தலையில். தயாராக இருக்கும் முன்பதிவுச் சேவையை எடுத்தால் பெரும்பாலானதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்பாவின் காதில் ‘அவர்களே’ மட்டும் விழுந்தது, சேவையை எடுத்துவிட்டார். எனக்கு அன்றே அந்தப் ‘பெரும்பாலானது’ மேல் சந்தேகம். மேகம் அவர்களுடையது, நனைவது மட்டும் நாமா என்று கேட்டு முறைப்பு வாங்கினேன்.

அப்பா அந்த நிறுவனத்தைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டார். எதிர்முனைப் பெண் அசரவில்லை. “கட்டடமும் பூட்டும் எங்க பொறுப்புங்க. சாவிய யாருக்குக் குடுத்தீங்கங்கறது உங்க பொறுப்பு” என்றாள். அழித்ததைச் சில நாள் வைத்திருப்பார்களாம், மீட்டுத் தந்துவிட்டாள். கூடவே ஒன்று சொன்னாள். அழித்தது உன் கணக்கு. நீ இருக்கும் ஆக்லாந்திலிருந்து.

அழித்த நேரத்தில் நீ வேலையில் இருந்தாய், அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். அப்படியானால் அழித்தது நீ இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அப்பா சேவையையே மாற்றி, எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். சாவி வெளியே திரியும்போது பூட்டை மாற்றி என்ன பயன்? பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவளுக்கு இந்த வீடு வேணாம்னா நேரா சொல்லட்டும்.”

அதைக் கேட்க முடியவில்லை. நான்தான் விளையாட்டுக்கு உன் கணக்கில் நுழைந்தேன், ஆக்லாந்து என்று காட்டுவது பெரிய வித்தை இல்லை என்று சொல்லிவிட்டேன். உடனே நம்பினார்கள். போதகரின் ஒலிபெருக்கியில் பன்றி உறுமலை ஓடவிட்டவன் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? இப்போது தண்டனையாக அந்தப் பன்றிகளின் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நம் டோங்கா வழக்கப்படி காதல், கணவன் மனைவி பேச்சைத் தம்பி அக்காவிடம் எடுக்கக்கூடாது. டிவியில் அந்த மாதிரிக் காட்சி வந்தால்கூட நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. ஆகஸ்டில் கூட்டம் அதிகம், உதவிக்கு வருகிறேன் என்றாயே. கூட்டமே இல்லை என்றால் நீ வர மாட்டாய் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்? நீ வேலைக்குப் போனபின் உன் மடிக்கணினியோடு யார் இருக்கிறார்கள்?

கடவுச்சொல்லை மருத்துவமனைக் கணினியிலிருந்து மாற்று. மாற்றியதை வீட்டில் சொல்லாதே. பிறகு வந்துவிடு, கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

நீ தனியாக இருக்கும்போது கடவுள் உன்னோடு இருக்கட்டும். தனியாக இல்லாதபோது இன்னும் நெருங்கி இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
மனாசே